1976 இங்கிலாந்து கோடை: ரசிகர்களின் கால்பந்து நினைவுகளை எப்படிச் சரிபார்ப்பது?

தொகுப்பாளர்76:

வணக்கம். 1976ல் இங்கிலாந்தில் 10 முதல் 16 வயதுக்குள் இருந்த கால்பந்து ரசிகர்களின் நினைவுகளைப் பதிவு செய்து சிறு தொகுப்பாக அச்சிடும் வேலை நடக்கிறது. கையில் 14 பதிவுகள். கேட்கக் கேட்க அருமையாகத்தான் இருக்கின்றன, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. சில மாதிரிகள்:

அ) "கப் ஃபைனல் அன்று 95 டிகிரி. வெம்ப்ளியில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள்."
ஆ) "பனென்கா அந்தப் பெனால்டியை அடித்த இரவு அனலில் யாருக்கும் தூக்கமே வரவில்லை."
இ) "ஸ்கூல் லீவு முழுக்க 35 டிகிரி வெயிலில் ராத்திரி பத்து மணி வரை ஆடினோம்."
ஈ) "தரை பிளந்து பந்து வெடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது."
உ) "ஆகஸ்டில் சீசன் தொடங்கிய முதல் நாளே எங்கள் ஆளுக்குச் சிவப்பு அட்டை."
ஊ) "பந்து அந்த வருடம் துள்ளிய மாதிரி அதற்கப்புறம் துள்ளவே இல்லை."

இவற்றில் எதை நம்பலாம், எதை எங்கே சரிபார்க்கலாம்? தவறு என்று தெரிந்தால் திருத்தி அச்சிடுவதா, அப்படியே விடுவதா?

பழைய_டிக்கெட்:

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். 1976ன் கடும் வெயிலும் இங்கிலாந்தின் கால்பந்து சீசனும் ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சந்திக்கவே இல்லை. சீசன் மே மாதம் முடிந்தது. அனல் ஜூன் 23ல் தொடங்கியது. அடுத்த சீசன் ஆகஸ்ட் 21ல் ஆரம்பித்தது, அடுத்த வாரக் கடைசியில் மழை வந்துவிட்டது. "அந்தக் கோடையின் கால்பந்து" என்று எல்லோரும் சொல்வது மே மாத ஆட்டங்களையும் ஜூன் மாத யூரோவையும் (ஐரோப்பிய நாடுகள் மோதும் கோப்பை) பூங்காவில் ஆடியதையும் ஆகஸ்ட் தொடக்கத்தையும் சேர்த்து மனசு தைத்த ஒரே சட்டை. தையல் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

நாட்கணக்கு இது. அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவுகளைக் கேளுங்கள்.

ஏப்ரல் 24, சனி: குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் லீட்ஸை 2-0 என்று வென்று தங்கள் கடைசி லீக் ஆட்டத்தை முடித்தது. பட்டியலில் முதலிடம். ஆனால் லிவர்பூலுக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி, அதற்காகப் பத்து நாள் காத்திருப்பு.

மே 1, சனி: லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கப் ஃபைனல். இரண்டாம் டிவிஷன் அணியான சவுத்தாம்ப்டன் 1, மான்செஸ்டர் யுனைடெட் 0. ஜிம் மெக்காலியாக் தள்ளிக் கொடுத்த பந்தை பாபி ஸ்டோக்ஸ் 83வது நிமிடம் இடது காலால் தாழ அடித்த கோல்.

மே 4, செவ்வாய்: வுல்வ்ஸ் 1, லிவர்பூல் 3. முதல் பாதியில் வுல்வ்ஸ் முன்னிலை, கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கதை மாறியது. லிவர்பூல் 60 புள்ளி, ரேஞ்சர்ஸ் 59. வுல்வ்ஸ் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதும் அதே இரவு.

மே 15, சனி: கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் ஸ்காட்லாந்து 2, இங்கிலாந்து 1. ஸ்காட்லாந்தின் டால்கிலிஷ் அடித்த பந்து இங்கிலாந்து கோல்கீப்பர் கிளெமன்ஸின் கால்களுக்கு நடுவே புகுந்தது அன்றுதான். மே 19ல் லிவர்பூல் பெல்ஜியத்தில் ப்ரூஷ் அணியுடன் 1-1 டிரா செய்து, இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் யுஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. மே 22ல் கார்டிஃபில் வேல்ஸ் யூகோஸ்லாவியாவுடன் 1-1, யூரோவிலிருந்து வெளியே.

ஜூன் 16 முதல் 20 வரை யூகோஸ்லாவியாவில் யூரோவின் கடைசி நான்கு ஆட்டங்கள். நான்குமே கூடுதல் நேரத்துக்குப் போயின. ஃபைனல் ஜூன் 20, ஞாயிறு, பெல்கிரேடு. செக்கோஸ்லோவாக்கியா, மேற்கு ஜெர்மனி 2-2, பெனால்டியில் 5-3 என்று செக்கோஸ்லோவாக்கியா வெற்றி. ஜெர்மனியின் ஹொனெஸ் கோலுக்கு மேலே அடித்தார், அடுத்து வந்த செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா மெல்ல ஏந்தி நடுவில் போட்டார்.

ஆகஸ்ட் 14, சனி: வெம்ப்ளியில் சாரிட்டி ஷீல்டு, லிவர்பூல் 1, சவுத்தாம்ப்டன் 0, கோல் டோஷாக். ஆகஸ்ட் 21, சனி: லீக் தொடக்கம். ஹைபரி என்ற தன் சொந்த மைதானத்தில் அன்று ஆர்சனல் முதல் டிவிஷனுக்குப் புதிதாக ஏறி வந்த பிரிஸ்டல் சிட்டியிடம் 0-1 என்று தோற்றது.

இனி உங்கள் (ஆ). ஃபைனல் ஜூன் 20, அனல் ஜூன் 23. மூன்றே நாள் இடைவெளி, அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்வது இயல்பு. பனென்காவும் நிஜம், தூக்கமில்லாத இரவுகளும் நிஜம். ஒரே இரவில் நடந்தவை என்பது மட்டும் சந்தேகம்.

(உ) கண்டிப்பாகத் தவறு. இங்கிலாந்து லீக்கில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தது 1976 அக்டோபர் 2, சனிக்கிழமை. அன்று பிளாக்பர்னின் டேவிட் வாக்ஸ்டாஃபுக்கும் ஃபுல்ஹாமின் ஜார்ஜ் பெஸ்டுக்கும் சிவப்பு அட்டை காட்டினார்கள். அதற்கு முன்னும் வெளியே அனுப்புவது உண்டு. ரெஃபரி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் கையை நீட்டுவார், அவ்வளவுதான். சொன்னவரின் அணி ஆள் ஆகஸ்டில் வெளியேற்றப்பட்டிருக்கலாம். கையிலிருந்த அட்டை பின்னால் வந்து சேர்ந்தது. வெளியேற்றம் நடந்ததா என்பதை மட்டும் தேடுங்கள்.

இதே வகையில் இன்னும் இரண்டு பொறிகள். "மே மாதம் கோல் வித்தியாசம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்" என்று யாராவது சொன்னால், 1975-76ல் இருந்தது கோல் சராசரி: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. 60 அடித்து 40 வாங்கினால் 1.50. கழித்துப் பார்க்கும் முறை 1976-77ல்தான் வந்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்றால் 1981க்குப் பிந்திய நினைவு. "லீக் ஆட்டத்தை டிவியில் நேரலையாகப் பார்த்தோம்" என்றாலும் உஷார். முதல் டிவிஷன் ஆட்டங்கள் வழக்கமாக நேரலையில் வரத் தொடங்கியது 1983ல். 1976ல் அவர்கள் பார்த்தது பிறகு ஒளிபரப்பான தொகுப்பு, அல்லது கப் ஃபைனல்.

மழைமானி:

வெயில் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை தொடர்ந்து 15 நாட்கள் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32.2 டிகிரி செல்சியஸ், அதாவது 90 ஃபாரன்ஹீட், தொட்டது. "எங்காவது ஓரிடத்தில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எல்லா ஊரிலும் 15 நாளும் 32 என்று எழுதினால் தவறு. ஜூன் 28ல் 35.6, அதுவும் சவுத்தாம்ப்டனில் (கோப்பை போன ஊருக்கே வெயிலும் போயிருக்கிறது). ஜூலை 3ல் செல்டனமில் 35.9, அந்தக் கோடையின் உச்சம். வடமேற்கு ஸ்காட்லாந்தில் இதே நாட்களில் கதை வேறு. ஆகவே பேசுகிறவர் அன்று எந்த ஊரில் இருந்தார் என்பதை முதல் கேள்வியாகவே வையுங்கள்.

(அ) 95 ஃபாரன்ஹீட் என்பது 35 செல்சியஸ். பிரிட்டனில் அதுவரை பதிவான மே மாத உச்சமே 32.8தான். மே 1ல் 35 இருந்திருக்க வழியில்லை. அன்று நல்ல வெயில் என்பது ஆட்டத்தின் படச்சுருளிலேயே தெரிகிறது. நெரிசலாக நின்ற கூட்டம், காற்றோட்டமில்லாத மூலை, காலையிலிருந்து நிற்கும் உடம்பு, இவை போதும் ஆள் மயங்க. மயக்கத்தை நம்புங்கள், எண்ணைத் தள்ளுங்கள்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. வானிலை நிலையம் அளப்பது நிழலில், காற்றுப் போகும் வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரத்தில். வெயிலில் வைத்த வெப்பமானி, சுவரில் ஆணியடித்து மாட்டியது, காருக்குள் இருந்தது எல்லாமே அதைவிட அதிகம் காட்டும். "எங்கள் வீட்டில் 104 காட்டியது" என்பது பொய்யில்லை. அளந்த இடம் வேறு.

(இ) தான் எனக்குச் சுவாரசியம். அனலின் உச்சமான ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் நடந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறை ஜூலை மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் தொடங்கும். ஆக "லீவு முழுக்க 35" என்பது இரண்டு காலங்களின் கலவை. லீவு நாட்கள் வறட்சியும் வெயிலுமாக இருந்தன, ஆனால் உச்சம் வகுப்பறையில் கழிந்தது. ஸ்காட்லாந்துக்காரர் என்றால் ஜூன் கடைசியிலேயே லீவு, அவர் சொல்வதைத் தனியாகப் பாருங்கள்.

"ராத்திரி பத்து மணி வரை" என்பதற்குச் சூரியனே சாட்சி. ஜூன் கடைசியில் லண்டனில் அஸ்தமனம் கோடை நேரப்படி சுமார் 9.20. அதன் பிறகும் முக்கால் மணி நேரம் பந்து தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். எனவே பத்து மணி நடக்கக்கூடியதே. ஆகஸ்ட் கடைசியில் அஸ்தமனம் எட்டு மணி. பத்து மணி வரை ஆடினார்கள் என்றால் அது ஜூன் அல்லது ஜூலை முதல் பாதி, அதாவது ஸ்கூல் விட்ட பிறகான மாலை. லீவு இல்லை.

தேதி பிடிக்க உதவும் வெளிக்குறிகள்: போர்க் முதல்முறை விம்பிள்டன் டென்னிஸ் வென்றது ஜூலை 3, அதே 35.9 நாள். மொன்ட்ரியால் ஒலிம்பிக் ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 1 வரை. லண்டன் ஓவல் மைதானம் காய்ந்து பழுப்பாகக் கிடக்க, வெஸ்ட் இண்டீஸின் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்த கிரிக்கெட் டெஸ்ட் ஆகஸ்ட் 12 முதல் 17 வரை. சாரிட்டி ஷீல்டு அதன் நடுவே வருகிறது. வறட்சிச் சட்டம் ஆகஸ்ட் 6ல் நிறைவேறியது. டெனிஸ் ஹவல் வறட்சிக்கான அமைச்சராக நியமிக்கப்பட்டது ஆகஸ்ட் கடைசியில், சில நாளிலேயே மழை கொட்டியது. இந்த ஹவல் அப்போது விளையாட்டுத் துறை அமைச்சர், அதற்கும் முன்பு கால்பந்து லீக்கில் ரெஃபரி. விசில் ஊதியதும் மழை வந்தது என்று கிண்டல் செய்ய உங்கள் தொகுப்பில் ஓரிடம் ஒதுக்கலாம்.

1975 கோடையும் வெயில்தான், அதையும் இதையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. அந்த வருடம் ஜூன் 2ல் பக்ஸ்டனில் பனி பெய்து கிரிக்கெட் நின்றது. "வெயிலுக்கு முன்னால் பனி" என்று சொன்னால் அவர் 1975ல் இருக்கிறார். "வெயில், அப்புறம் இங்கிலாந்து உலகக் கோப்பை செமிஃபைனல்" என்றால் 1990 ஆக இருக்கலாம். 1976ல் உலகக் கோப்பை கிடையாது.

புல்தரை:

(ஈ), (ஊ) இரண்டும் தரை சம்பந்தப்பட்டவை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நினைவுகள் எதிர்பாராத அளவுக்குச் சரியாக இருக்கும்.

அந்தக் காலத்து மைதானங்கள் குளிர்காலம் முழுவதும் சேறு. கோல் வாயும் நடுவட்டமும் ஏப்ரலில் புல்லே இல்லாமல் வெறும் மண். மே மாதம் சீசன் முடிந்ததும் பழுதுபார்ப்பார்கள்: காய்ந்த சருகை வாரி எடுப்பது, முள்கலப்பையால் குத்துவது, மணல் தூவுவது, ரைகிராஸ் என்ற புல்வகையை விதைப்பது. விதை ஒரு சதுர மீட்டருக்கு 25 முதல் 35 கிராம். ரைகிராஸ் ஈரம் இருந்தால் 7 முதல் 10 நாளில் முளைக்கும். முளை விட்ட பிறகு மேல் ஒரு சென்டிமீட்டர் மண் ஒரே ஒரு நாள் முழுசாகக் காய்ந்தாலும் அந்த முளை செத்தது. மறுபடி தண்ணீர் விட்டாலும் வராது, மறுபடி விதைக்க வேண்டும்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. 105க்கு 68 மீட்டர் மைதானம் சுமார் 7,100 சதுர மீட்டர். அனல் நாளில் மண்ணும் புல்லும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வரை ஆவியாக விடும். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆக ஒரே நாளில் 35,000 லிட்டருக்கு மேல். ஊர் குழாயடியில் வாளியோடு நிற்கும்போது இதை எந்தக் கிளப்பும் வெளிப்படையாக ஊற்ற முடியாது. பழைய ஹோஸ் (ரப்பர் குழாய்) தடை வீட்டுத் தோட்டம், சொந்தக் கார் கழுவுதல் ஆகியவற்றைத்தான் தொட்டது. ஆகஸ்ட் 6ல் வந்த சட்டம்தான் அவசியமில்லாத மற்றப் பயன்பாடுகளையும் தடுக்கும் அதிகாரத்தைத் தண்ணீர் ஆணையங்களுக்குக் கொடுத்தது. அதனால் "ஜூலையில் எங்கள் மைதானம் மட்டும் பச்சை" என்று யாராவது சொன்னால் உடனே தள்ளிவிடாதீர்கள். சொந்தக் கிணறோ ஆறோ அருகில் இருந்ததா என்று கேளுங்கள்.

பழுப்பு என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. ரைகிராஸ் தண்ணீர் இல்லாதபோது இலையை உதறிவிட்டு அடிக்குருத்தில் உயிரை வைத்துக்கொண்டு தூங்கும். ஒரு கொத்தைப் பிடுங்கிப் பாருங்கள்: அடி வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நாராக உதிர்ந்தால் முடிந்தது. நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும், அதற்கு மேல் திட்டுத்திட்டாகப் போகும். எனவே ஆகஸ்ட் 21ல் மைதானத்தின் ஓரங்கள் வைக்கோல் நிறம், கோல் வாய் சுட்ட செங்கல் மாதிரி, நடுவில் ஆங்காங்கே பச்சை என்று யாராவது விவரித்தால் அவர் நேரில் பார்த்தவர். எல்லாம் ஒரே மஞ்சள் என்றால் படம் பார்த்துச் சொல்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

வெடிப்பு. களிமண் காய்ந்தால் சுருங்கும், பலகோண வடிவில் பிளக்கும். ஆனால் முழு அளவுப் பந்தின் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம், விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். விளையாடுகிற தரையில் 22 சென்டிமீட்டர் பிளவு வந்தால் அங்கே பந்தாட்டம் நடக்காது. வற்றிய ஏரிப் படுகை வேறு கதை. அந்தப் படங்கள் அப்போது பத்திரிகைகளில் நிறைய வந்தன, அதுவே நினைவுக்குள் புகுந்திருக்கலாம். அல்லது அவர்கள் ஆடியது டென்னிஸ் பந்து, விட்டம் ஆறரை சென்டிமீட்டர். பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் ஆடுவது சர்வ சாதாரணம். "எந்தப் பந்து?" என்று ஒரு கேள்வி கேட்டால் (ஈ) தீர்ந்துவிடும்.

துள்ளல் உண்மை. இரண்டு காரணம் ஒரே நேரத்தில் சேர்ந்தன. ஒன்று தரை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் நல்ல புல்தரையில் 60 முதல் 100 சென்டிமீட்டர் எழும்பும், கான்கிரீட்டில் சுமார் 135. சுட்ட களிமண் கான்கிரீட் பக்கம்தான் சாயும். இரண்டாவது காற்று. 15 டிகிரியில் 0.8 வளிமண்டல அழுத்தத்துக்கு அடைத்த பந்தை 35 டிகிரி வெயிலில் வைத்தால் 0.93 ஆகிவிடும். வெளிக்காற்றையும் சேர்த்து மொத்தம் 1.8, அது வெப்பநிலையோடு 1.93க்கு ஏறுகிறது, அதனால் கணக்கு அப்படி. தோல் பந்து என்றால் மூன்றாவதாக ஒன்று: குளிர்காலத்தில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும் அதே பந்து கோடையில் உலர்ந்து லேசாக இருக்கும். மார்ச் சேற்றிலிருந்து ஜூலைத் தரைக்கு வந்த பையனுக்கு அது வேறு விளையாட்டாகவே தெரிந்திருக்கும்.

காலைப் பற்றியும் கேளுங்கள், அது பொய் சொல்லாது. அடியில் ஆறு ஸ்டட் (பிடிமானக் குமிழ்) திருகி மாட்டிய பூட்ஸ் கெட்டித் தரையில் மண்ணுக்குள் இறங்காது. முழு எடையும் ஆறு புள்ளியில். பாதத்தில் கொப்புளம், குதிகால் வலி. தெரிந்தவர்கள் பன்னிரண்டு பதிமூன்று ரப்பர் குமிழ் வைத்த வார்ப்பு அடிப்பாகத்துக்கு மாறுவார்கள், இல்லாதவர்கள் ரப்பர் ஷூவில் ஆடுவார்கள். சறுக்கி விழுந்தால் தொடையும் முழங்காலும் தோல் உரியும். குளிர்காலத்தில் அதே சறுக்கல் சேறு மட்டும்தான் தரும்.

கடைசியாக மழை. "செப்டம்பரில் எல்லோரும் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள்" என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பல வாரம் காய்ந்த மேல்மண்ணும் சருகும் முதல் மழையை உள்ளே விடாது, தண்ணீர் வழிந்தோடும். மேலே ஒரு சென்டிமீட்டர் குழம்பு, கீழே பாறை. ஸ்டட் பிடிக்க ஒன்றுமில்லை. சேற்றைவிட மோசமான தரை அதுதான்.

தொகுப்பாளர்76:

அசந்துவிட்டேன், மிக்க நன்றி. டென்னிஸ் பந்து விஷயம் பதிவை மறுபடி கேட்டபோது உறுதியானது. அடுத்த வாக்கியத்திலேயே "மஞ்சள் பந்து" என்று சொல்லியிருக்கிறார், கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

இரண்டு கேள்வி பாக்கி. இனி எடுக்கப்போகும் பதிவுகளை எப்படிக் கேட்டால் இந்தக் கலப்பு குறையும்? மூன்று பேர் புகைப்படங்களும் கொடுத்திருக்கிறார்கள், பின்னால் "76 சம்மர்" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. நம்பலாமா?

ஒலிநாடா:

கேட்கும் முறைக்கு வருகிறேன். பலர் செய்யும் முதல் தவறு, "1976 கோடை எப்படி இருந்தது?" என்று தொடங்குவது. அந்த வருடத்துக்கு ஒரு தயார் பதில் எல்லோரிடமும் உண்டு: வெயில், குழாயடி வரிசை, பொறிவண்டுக் கூட்டம். அது அவருடைய நினைவு இல்லை, நாட்டின் நினைவு. ஒருமுறை அது வாயில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் அணிவகுக்கும்.

வகுப்பிலிருந்து தொடங்குங்கள். "அப்போது எந்த வகுப்பு? வகுப்பாசிரியர் யார்? எந்த வீட்டில் இருந்தீர்கள்?" பிறகு இடம்: ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஆடிய பூங்காவை வரையச் சொல்லுங்கள். கோல் எது, ஸ்வெட்டரா மரமா சுவரா? பந்து வெளியே போனால் எங்கே போகும்? யார் எடுத்து வருவார்? கை வரையத் தொடங்கினால் வாய் வேறு மாதிரிப் பேசும். மூன்றாவதாகக் காலில் என்ன, உடம்பில் என்ன, குடிக்க என்ன. தேதி, ஸ்கோர், டிகிரி இவற்றைக் கடைசிவரை கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள்.

புகைப்படத்தை முதலில் காட்டவே கூடாது. காட்டினால் அதற்கப்புறம் அவர் விவரிப்பது அந்தப் புகைப்படத்தைத்தான். முழுக்கப் பேசி முடித்த பிறகு எடுங்கள், "முன்பு சொன்னதில் எதையாவது மாற்றுவீர்களா?" என்று கேளுங்கள். மாற்றியதைத் தனியாகப் பதியுங்கள்.

நண்பர்கள் இருவரை ஒன்றாக உட்காரவைத்தால் பேச்சு களைகட்டும், ஆனால் சாட்சியம் ஒன்றாகிவிடும். முதலில் தனித்தனியாக 30, 40 நிமிடம், பிறகு சேர்த்து. ரெக்கார்டரை மேசையில் நேராக வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள், பேச்சாளரிடமிருந்து இரண்டு அடிக்குள். மேசை தட்டுவதும் டம்ளர் வைப்பதும் இல்லையென்றால் இடியாகக் கேட்கும். ஜன்னலை மூடி, மின்விசிறியை ஒரு நிலை குறையுங்கள்.

எழுத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் ஓரத்தில் ஒரு குறி: "கண்டது", "கேட்டது", "டிவியில்", "பின்னால் படித்தது". சந்தேகமிருந்தால் அவரிடமே கேளுங்கள், "அப்போது எங்கே நின்றீர்கள்?" என்று. நின்ற இடத்தைச் சொல்ல முடிந்தால் பெரும்பாலும் கண்டதுதான்.

திருத்துவதா என்று கேட்டீர்கள். அவர் வாயில் நீங்கள் வார்த்தை வைக்காதீர்கள். "95 டிகிரி" என்று சொன்னால் 95 என்றே அச்சிடுங்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: கடும் வெயில் ஜூன் 23ல்தான் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதும் கூடவே தெரியும். ஆனால் இன்னொருவரைக் குற்றம் சொல்லும் நினைவு என்றால் ("ரெஃபரி காசு வாங்கினான்" வகை), சரிபார்க்க முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள். அங்கே தயவு தாட்சண்யம் வேண்டாம்.

பழைய_டிக்கெட்:

புகைப்படத்துக்கு நான். பின்னால் எழுதிய பேனா எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று கேளுங்கள். ஆல்பம் ஒட்டும்போது பத்து வருடம் கழித்து எழுதியவை ஏராளம். எழுத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள்.

சட்டையில் விளம்பரதாரர் பெயர் இருந்தால் அது 1976 கிளப் ஆட்டம் இல்லை என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். கெட்டரிங் டவுன் மட்டும் அந்த வருட ஜனவரியில் முயன்று பார்த்தது, எஃப்.ஏ. தடுத்தது, அனுமதி வந்தது 1977ல். லிவர்பூல் நெஞ்சில் ஹிட்டாச்சி வந்தது 1979ல்தான். முதுகில் எண் 1 முதல் 11 வரை, ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர், அவருக்கு 12. பெஞ்சில் இரண்டு மூன்று மாற்று ஆட்டக்காரர்கள் டிராக்சூட்டில் உட்கார்ந்திருக்கும் லீக் ஆட்டம் என்றால் அது பிந்திய வருடங்களுடையது. ஆட்டக்காரர் பெயர் முதுகில் இருந்தால் இன்னும் பதினைந்து இருபது வருடம் தள்ளி.

ரசிகர் பக்கம்: மணிக்கட்டில் கட்டிய ஸ்கார்ஃப் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பொருந்தும். சதுர வடிவப் பிரிண்ட் அந்தக் காலத்து இன்ஸ்டமாடிக் கேமராவுக்குப் பொருந்தும், ஆனால் அது ஒரு பத்து வருடத்துக்கும் பொருந்துவதால் தனியாக ஒன்றும் நிரூபிக்காது. கையில் புரோகிராம் இருந்தால் பூதக்கண்ணாடி வையுங்கள். விலை ஷில்லிங்கில் என்றால் 1971 பிப்ரவரி 15க்கு முந்தியது, வேலை முடிந்தது. படுக்கையறைச் சுவரில் லீக் வரிசை அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். ஷூட் வார இதழ் ஆகஸ்டில் இலவசமாகக் கொடுக்கும் அட்டை, அணிப் பெயர் துண்டுகளைக் கீறலில் செருகி மேலே கீழே மாற்றுவது. முதல் டிவிஷன் வரிசையில் பிரிஸ்டல் சிட்டி துண்டு இருந்தால் 1976 ஆகஸ்ட் அல்லது அதற்குப் பின். வுல்வ்ஸ் துண்டும் அதே வரிசையில் இருந்தால் 1976-77 இல்லை.

செய்தி தேட: பிபிசி நிகழ்ச்சி அட்டவணைக்கு பிபிசி ஜீனோம், ஆட்ட அறிக்கைக்குப் பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகம், அன்றன்றைய வானிலைக்கு மெட் ஆபீஸின் டிஜிட்டல் நூலகம். உள்ளூர் மாலைப் பத்திரிகையைத் தேடும்போது ஆட்ட நாளோடு நிற்காமல் அடுத்த திங்கள், செவ்வாய் இதழையும் பாருங்கள். மயக்கம், கூட்டத் தகராறு, தண்ணீர்ப் பிரச்சினை போன்றவை அங்கேதான் சின்னச் செய்தியாக வரும்.

மழைமானி:

ஒரு சின்னச் சேர்க்கை. புகைப்படத்தில் நிழல் விழுந்திருந்தால், மைதானத்தின் திசை தெரிந்த பட்சத்தில் மாதத்தையே ஓரளவு பிடிக்கலாம். லண்டனில் ஜூன் கடைசி நண்பகலில் சூரியன் சுமார் 62 டிகிரி உயரம், ஆளின் நிழல் அவர் உயரத்தில் பாதிதான். ஆகஸ்ட் 21 நண்பகலில் சுமார் 50 டிகிரி, நிழல் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். கோடை நேரப்படி நண்பகல் என்பது கடிகாரத்தில் மதியம் ஒரு மணி. மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டம் என்றால் நிழல் இன்னும் நீளும். கோல் கம்பத்தின் உயரம் 8 அடி, அது படத்தில் இருந்தால் அதன் நிழலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா சாய்வாகப் பார்த்த படத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். பக்கவாட்டில் நேராக எடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.